ஆட்டு வழக்கில் நான் சொன்ன ‘உஷ்’

போன வருஷம் நவராத்திரி சமயத்தில் ஒரு சனிக்கிழமை சாயந்திரம் நடந்தது இது. இடம், மயிலாப்பூரில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளியிருக்கும் ஒரு சின்ன ஹால். அன்றைக்கு நூறு பேருக்கு நடுவில் நான் அசடு வழிந்ததை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. அதே நாளை நினைத்துத்தான் சமையலறையில் தனியாகச் சிரித்துக்கொண்டும் நிற்கிறேன். அதனால் வெட்கப்படாமல் சொல்லிவிடுகிறேன்.

நான் முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள். வராண்டாவில் என் செருப்புச் சத்தம் கேட்டாலே வகுப்பு அடங்கிவிடும் என்று பெருமையடித்துக்கொள்வேன். ரிடையர் ஆன பிறகு அந்த அதிகாரத்தைச் செலுத்த வீட்டில் மிச்சம் இருந்தது என் கணவர் ஒருவர்தான். அவரோ எதையும் காதில் போட்டுக்கொள்ளாத ரகம்.

எங்கள் அடுக்ககத்துப் பெண்கள் எட்டுப் பேரும், அடையாறிலும் மந்தைவெளியிலும் இருக்கிற சில சிநேகிதிகளும் சேர்ந்து, மதுராந்தகம் தாண்டி ஒரு கிராமத்தில் ஞாயிறுதோறும் நடக்கிற பிள்ளைகளின் கலை வகுப்புக்கு உதவி செய்துவந்தோம். ஓவியம், காகிதக்கூழில் முகமூடி, நாடகம் எல்லாம் உண்டு. பக்கத்து ஊர் இளம்பெண் ஒருத்தி நடத்துகிறாள். பெயிண்ட், பிரஷ், சார்ட், சுண்டலுக்குக் கடலை என்று வேண்டியதை நாங்கள் அனுப்புவோம். அவள் வாட்ஸப்பில் போட்டோ போடுவாள். நாங்கள் கைகூப்புகிற பொம்மை போடுவோம். ஆரம்பத்தில் ஒரு தடவை போய்ப் பார்த்தேன். அதற்கப்புறம் இரண்டு வருஷம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

காலாண்டு லீவில் அந்தப் பிள்ளைகளை ஒரு நாள் சென்னைக்கு வரவழைக்கலாம் என்று யோசனை சொன்னது நான்தான். கொலு பார்க்கட்டும், மெரினாவில் கால் நனைக்கட்டும், சாயந்திரம் நம் ஜனங்கள் முன்னால் மேடையில் ஒரு நாடகம் போடட்டும் என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். கலை டீச்சர் ஒத்திகையை வீடியோ எடுத்து அனுப்பினாள். மரத்தடியில் பிள்ளைகள் நடிக்கிறார்கள். சுற்றி ஊர் ஜனங்கள் உட்கார்ந்துகொண்டு ஒரே கூச்சல். யார் என்ன பேசுகிறார்கள் என்றே கேட்கவில்லை. ‘நாடகம் அருமை. ஆனால் சுற்றி சத்தம் அதிகம். அமைதியான இடத்தில் ஒத்திகை பார்க்கச் சொல்லவும்’ என்று பதில் அனுப்பினேன். அவள் ‘சரி மேடம்’ என்று மட்டும் போட்டாள்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் அவள் போன் செய்து வேறொரு விஷயம் சொன்னாள். நாடகத்தில் பஞ்சாயத்துத் தலைவியாக வருகிற பெண் ஏழாவது படிக்கிறாள். கதையே அவள் கட்டியதுதான். அவள் அம்மா மல்லித் தோட்டத்தில் பூப்பறிக்கப் போகிறவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு ஆடுகள் நாலையும் மேய்ச்சலுக்கு ஓட்டிப்போக வேண்டியது மகளின் பொறுப்பு. மகள் வகுப்புக்கு வந்துவிடுவதால் ஆடுகள் பட்டினி, அம்மாவுக்குக் கோபம். இனிமேல் அனுப்ப முடியாது என்று சொல்லியிருக்கிறார். டீச்சர் மன்றாடியதில், “மெட்ராசுக்காரங்க பாத்துட்டு என்ன சொல்றாங்கன்னு நானே வந்து பாக்குறேன். உருப்படியா இருந்தா அனுப்புறேன். இல்லன்னா இதோட நிறுத்திக்கலாம்” என்று ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வேனில் ஏறச் சம்மதித்திருக்கிறார்.

“அவ நின்னுட்டா எங்க நாடகமே நின்னுடும் மேடம்” என்றாள் டீச்சர்.

“நீ கவலைப்படாதே. எங்க ஊர் ஜனங்கள் கலையை ரசிக்கத் தெரிஞ்சவா” என்றேன் நான். எவ்வளவு தைரியம் பாருங்கள்.

சனிக்கிழமை காலையில் வேன் வந்தது. மெட்ரோ வேலைக்காகத் தெருவெல்லாம் தகரம் அடித்து வைத்திருப்பதால் மந்தைவெளியிலேயே இறங்கி நடந்தார்கள். பதினாலு பிள்ளைகள். வடக்கு மாட வீதி பொம்மைக் கடைகளில் நின்றவர்களை நகர்த்துவதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. கல்யாண செட், கிரிக்கெட் செட், கிராமத்து செட் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அந்தத் தலைவிப் பெண் கடைக்காரரிடம், “கெராமம்னு போட்டிருக்கீங்க, யானைகூட இருக்கு, ஆடு எங்க?” என்று கேட்டாள். கடைக்காரர் உண்மையாகவே தேடிப் பார்த்தார். இல்லை. எனக்கு அந்தக் குழந்தையை அப்போதே பிடித்துப்போனது. அவள் அம்மா மட்டும் எங்கேயும் எதையும் பார்த்து வியக்கவில்லை. மெலிந்த, வேகமாக நடக்கிற பெண்மணி. தோளில் ஒரு துணிப்பையோடு எல்லோருக்கும் முன்னால் போய் நின்று, எங்களுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

சாயந்திரம் ஐந்தரைக்கு ஹால் நிரம்பிவிட்டது. பட்டுப்புடவைகள், வெற்றிலைப் பாக்குப் பைகள், எங்கள் மாடி வக்கீல் மாமா, அடையாறு சிநேகிதிகள் என்று ஏகக் கூட்டம். மேடைக்குக் கீழே ஓரமாக மைக் செட்காரர் ஆம்ப்ளிஃபையரோடு உட்கார்ந்திருந்தார். நொச்சிக்குப்பத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். எங்கள் வட்டாரத்துக் கல்யாணம், சீமந்தம் எல்லாவற்றுக்கும் அவர்தான். அதிர்ந்து பேசி நான் கேட்டதில்லை.

பிள்ளைகள் முதல் தடவை மேடை ஏறுகிறார்கள், பயந்துவிடக்கூடாதே என்று எனக்குக் கவலை. மைக்கைப் பிடித்தேன். நாடகம் நடக்கும்போது யாரும் பேச வேண்டாம், நடுவில் கைதட்ட வேண்டாம், போனை அணைத்துவிடுங்கள், முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து தட்டலாம் என்று கண்டிப்பாகச் சொன்னேன். எங்கள் ஜனங்களுக்குச் சொல்லவா வேண்டும். கச்சேரியில் பக்கத்து சீட்காரர் தும்மினாலே திரும்பி முறைக்கிறவர்கள். குண்டூசி விழுந்தால் கேட்கிற மாதிரி ஆகிவிட்டது ஹால்.

திரை விலகியது. ஓர் ஆடு ஒரு பெண்ணின் கணக்கு நோட்டைத் தின்றுவிடுகிறது. நாளைக்குப் பரீட்சை. விஷயம் பஞ்சாயத்துக்கு வருகிறது. காகிதக்கூழ் முகமூடி போட்ட ஆடு நாலு காலில் நின்று குற்றவாளியாக மென்றுகொண்டிருந்த அழகுக்கு எனக்கு வயிறு குலுங்கியது. ஆனால் சட்டம் போட்ட நானே மீறலாமா. வாயைப் பொத்திக்கொண்டேன். மற்றவர்களும் அப்படியே பொத்திக்கொண்டார்கள்.

தலைவி மேடை விளிம்புக்கு வந்தாள். பெரியவர்கள் போடுகிற மாதிரி துண்டு ஒன்றைத் தோளில் போட்டிருந்தாள். எங்களைப் பார்த்து, “ஊர் சனங்களே, நீங்க சொல்லுங்க. தப்பு ஆட்டு மேலயா, நோட்டைக் கட்டில்ல வெச்சுட்டுப் போன பொண்ணு மேலயா?” என்று கேட்டாள். கேட்டுவிட்டு நின்றாள்.

நின்றுகொண்டே இருந்தாள். ஐயோ, குழந்தைக்கு வசனம் மறந்துவிட்டது என்று நினைத்தேன் நான். மனசுக்குள் கபாலீஸ்வரரைக் கூப்பிட்டேன். அவள் மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டாள், குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. நூறு பேர் மரியாதையாக அவளையே பார்த்துக்கொண்டிருந்தோம். மூன்றாவது தடவை அவள் கேட்டபோது, ஓரத்திலிருந்து மைக் செட்காரர் வாயைத் திறந்தார்.

“ஆட்டாண்ட இன்னாம்மா தப்பு கீது? காய்தம் கெடச்சா துன்னத்தான் செய்யும். எங்க ஊட்டு ஆடு ரேஷன் கார்டையே துன்னுச்சு.”

அந்தப் பெண்ணின் முகம் பளிச்சென்று ஆனது. பதில் சொல்ல ஓரடி எடுத்து வைத்தாள்.

“உஷ்” என்றேன் நான். முப்பது வருஷத்து ‘உஷ்’. உதட்டில் விரல் வைத்து, கண்ணை உருட்டி, அந்த மனிதரைப் பார்த்துச் சொன்னேன். அவர் கையைத் தூக்கி, “சரிம்மா, சரிம்மா” என்று தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். எடுத்துவைத்த காலைப் பின்னால் வைத்துக்கொண்டாள். பிறகு தரையைப் பார்த்தபடி, “பஞ்சாயத்து கலையுது” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். ஆடு நாலு காலில் அவள் பின்னாலேயே போனது.

நாடகம் முடிந்துவிட்டது என்று நினைத்து, நான் சொல்லி வைத்திருந்தபடியே எல்லோரும் சேர்ந்து பலமாகக் கைதட்டினார்கள். “சின்னதா இருந்தாலும் சமத்தா பண்ணினதுகள்” என்றாள் முன்வரிசை மாமி. சுண்டல் தொன்னை சுற்றத் தொடங்கிவிட்டது.

நான் மேடைக்குப் பின்னால் ஓடினேன். பிள்ளைகள் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். தலைவிப் பெண் துண்டை மடித்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா துணிப்பையின் வாயை இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்.

“ஒருத்தரு பேசினாரு. அவரையும் அடக்கிட்டாங்க. இவங்களுக்கு இதெல்லாம் தோதுப்படாது. கெளம்பு” என்றார் மகளிடம். என்னைப் பார்த்தும் சொல்லவில்லை, பார்க்காமலும் சொல்லவில்லை.

என்ன ஆயிற்று என்று டீச்சரிடம் கேட்டேன். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. “மேடம், பாக்குறவங்கதான் எங்க நாடகத்துல ஊர் சனம். அவங்க பேசினாதான் வழக்கு நகரும். அவங்க என்ன சொல்றாங்களோ அதை வெச்சுத்தான் இவ தீர்ப்பு சொல்லுவா. ஒவ்வொரு தடவையும் வேற வேற முடிவு வரும். நான் உங்ககிட்ட மொதல்லயே சொல்லியிருக்கணும்” என்றாள்.

அவள் சொல்லாமலா இருந்தாள்? வீடியோவே அனுப்பியிருந்தாளே. நான் இடைஞ்சல் என்று எழுதிய அந்தச் சத்தம்தான் நாடகத்தின் பாதி. எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று இத்தனை வயது வரைக்கும் சாதித்தவள் நான்.

அந்தப் பெண்ணின் பக்கத்தில் போய்க் குனிந்தேன். அவள்தான் முதலில் பேசினாள். “நாங்க பண்ணது நல்லா இல்லயா?”

“ரொம்ப நன்னா இருந்தது கண்ணு. தப்பு என்மேலதான். எல்லார் வாயையும் நான் கட்டிப் போட்டுட்டேன்.”

“அவரு ஒருத்தருதான் பதில் சொன்னாரு. அவரை ஏன் மெரட்டினீங்க?”

அவள் கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். வக்கீல் மாமாவே எழுந்து பேசியிருந்தால் நான் ‘உஷ்’ சொல்லியிருப்பேனா என்று எனக்குள்ளே ஒரு கேள்வி எழுந்தது. சொல்லியிருக்க மாட்டேன். அந்த நிமிஷம் எனக்கு வந்த வெட்கத்தை எழுதிக் காட்ட முடியாது.

நேராகப் போய் மைக்கை எடுத்தேன். “யாரும் போகாதீங்கோ. நாடகம் முடியலை. நான்தான் நடுவில் நிறுத்திட்டேன்” என்று ஆரம்பித்து, இது ஊர் ஜனங்கள் பேச வேண்டிய நாடகம் என்று புரியவைத்தேன். பிறகு மைக் செட்காரர் பக்கம் திரும்பி, “ஐயா, இந்த ஹாலில் நாடகம் பார்க்கத் தெரிந்தவர் நீங்கள் ஒருத்தர்தான். உங்களைப் போய் அதட்டிவிட்டேன். என்னை மன்னிக்கணும்” என்றேன். என் கணவர் சுண்டலை வாயில் போட்டவர் மெல்லாமல் என்னையே பார்த்தார். நாற்பது வருஷத்தில் என் வாயிலிருந்து அந்த வார்த்தையை அவர் கேட்டதே கிடையாது.

மைக் செட்காரர் நெளிந்தார். “வுடுங்கம்மா. பாப்பா கேட்டுச்சு, சொன்னேன். இதுக்குப் போயி” என்றவர், எழுந்து நின்று ஹாலைச் சுற்றிப் பார்த்தார். “மேடையாண்ட வாணாம்மா. சேரையெல்லாம் ஓரம் கட்டிட்டு நடுவால உட்டா, பசங்க ஃப்ரீயா ஆடும்” என்றார். அவரே நாற்காலிகளைத் தூக்க ஆரம்பித்தார். பிறகு யாரும் யாருக்கும் சொல்லவில்லை. ஜமக்காளம் விரிந்தது, மூட்டுவலிக்காரர்கள் நாற்காலியில், மற்றவர்கள் தரையில் வட்டமாக உட்கார்ந்தோம்.

உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். கடைசியாக அந்தப் பெண் அம்மாவைப் பார்த்தாள். “வேன் வர்ற வரைக்கும் ஆடு, போ” என்றார் அம்மா. பையைத் தோளிலிருந்து இறக்காமல் வாசற்படியிலேயே நின்றுகொண்டார்.

“ஊர் சனங்களே” என்று அவள் ஆரம்பித்ததுதான் தாமதம், மைக் செட்காரர் ஆட்டுக்காக வாதாடினார். முன்வரிசை மாமி விடவில்லை. “எங்காத்துக் கல்யாணப் பத்திரிகையைக்கூட ஒரு மாடு தின்னுடுத்து. அப்படியே விட்டுடலாமா? நோட்டு போனா போனதுதானே” என்றாள். “மாட்டை அன்னிக்கி இன்னாம்மா பண்ணீங்கோ?” என்று அவர் கேட்க, “வாழைப்பழம் குடுத்தேன்” என்றாள் மாமி. ஹால் அதிர்ந்தது. வக்கீல் மாமா எழுந்து குற்றவாளியைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும் என்றார். குற்றவாளியான ஆடு “மே” என்றது. என் கணவர், வீட்டிலேயே வாய் திறக்காதவர், “கணக்கு நோட்டுதானே, அந்த ஆட்டுக்கு அதுவே தண்டனை” என்று சொல்லி என்னைப் பார்த்துச் சிரித்தார். அத்தனைக்கும் அந்தப் பெண் சுடச்சுடப் பதில் வைத்திருந்தாள். ஒருத்தர் பேசும்போது இன்னொருத்தரைக் கையமர்த்தினாள், பேசாதவர்களைப் பெயர் தெரியாமலேயே கூப்பிட்டுப் பேசவைத்தாள். எனக்கு முப்பது வருஷத்தில் கைவராத வித்தை அது.

கடைசியில் அவள் வாசற்பக்கம் திரும்பினாள். “அங்க நிக்கிற அம்மா, நீங்க ஒண்ணும் சொல்லலையே?”

எல்லோரும் திரும்பினோம். அம்மா தோள்பையை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு, “ஆட்டைப் பாத்துக்க வேண்டிய பொண்ணு நாடகம் ஆடப் போயிட்டா, ஆடு பசிக்கு நோட்டைத் தின்னாம என்ன பண்ணும்?” என்றார்.

விஷயம் தெரிந்த டீச்சரும் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். தெரியாதவர்கள், சரியான பாயிண்ட் என்று தலையாட்டினார்கள். அந்தப் பெண் துண்டைச் சரிசெய்துகொண்டு வட்டத்தை ஒரு சுற்று சுற்றி வந்தாள். ஆட்டின் முன்னால் நின்று அதன் காதைத் தடவிக்கொடுத்தாள்.

“அந்தம்மா சொல்றது நியாயம். பசிச்ச ஆட்டு மேல தப்பு இல்ல. ஆட்டைப் பட்டினி போட்டது பொண்ணு மேல தப்பு. ஆனா நாடகம் ஆடுறது தப்பு இல்ல” என்றாள். “அதனால தீர்ப்பு என்னன்னா, இனிமே அந்தப் பொண்ணு வெடியக்காலையில எழுந்து தழை ஒடிச்சுட்டு வரணும். ஆட்டையும் நாடகத்துக்கு ஓட்டிட்டு வரணும். ஆடு தழை தின்னுக்கிட்டே நாடகம் பாக்கணும். இதுக்கு அந்தம்மா ஒத்துக்கிறாங்களா?”

ஹாலில் இருந்த நூறு பேரும் அம்மாவைப் பார்த்தோம். அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறார் என்றுதான் நினைத்தேன். தோள் குலுங்கியது. சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பை அடக்க முடியாமல், “ஒத்துக்கறேன், ஒத்துக்கறேன்” என்று கையை ஆட்டினார். அப்புறம் எழுந்த கைதட்டலை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நானும் தட்டினேன். கை வலித்தும் தட்டினேன், அழுதுகொண்டே தட்டினேன்.

வேனில் ஏறும்போது அம்மாவிடம், நிஜமாகவே அனுப்புவீர்களா என்று கேட்டேன். நாடகத்துக்காகச் சொல்லியிருப்பாரோ என்று எனக்குச் சந்தேகம்.

“வீட்டுல நான் ஒண்ணு சொன்னா இது மொகத்தைத் தூக்கி வெச்சுக்கும். இவ்ளோ பேசும்னே எனக்குத் தெரியாதும்மா” என்றார். “ஊரு முன்னாடி ஒத்துக்கிட்டேன். அப்புறம் மாத்திப் பேச முடியுமா?”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் பஸ் பிடித்து அந்த ஊருக்குப் போனேன். வகுப்பு நடக்கிற மரத்துக்குப் பக்கத்து வேலியில் நாலு ஆடுகள் கட்டியிருந்தன, முன்னால் தழைக்கட்டு. பூப்பறித்துவிட்டு வந்த அம்மா, தலையில் சும்மாட்டுத் துணியோடு வட்டத்தின் ஓரத்தில் உட்கார்ந்து, அன்றைய நாடகத் தீர்ப்பு செல்லாது என்று மகளோடு பலமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். நகர்ந்து எனக்கும் இடம் கொடுத்தார்.

அதிலிருந்து மாதம் ஒரு ஞாயிறாவது தவறாமல் போகிறேன். பெயிண்டும் பிரஷும் முன்பு போலவே அனுப்புகிறோம், அவை வேண்டியவைதான். ஆனால் ஒரு குழந்தை நம் முகத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டால் அதற்கு எதிரே உட்கார்ந்து வாய் திறந்து பதில் சொல்ல வேண்டும் என்பதை, இத்தனை ஆயிரம் பிள்ளைகளை வாய் மூட வைத்த பிறகு, அறுபது வயதில்தான் நான் கற்றுக்கொண்டேன்.